ராமானுஜனும் டவுன் ஹைஸ்கூலும்: பள்ளி கொடுத்த தெம்பு, விட்டுவைத்த விரிசல்

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். வருடச் சம்பளம் 20 பவுன். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, சாதாரணப் பள்ளிப் படிப்பு முடித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உடனே விஷயத்துக்கு வந்துவிடுகிறார். பள்ளியை விட்டபின் கிடைத்த நேரத்தையெல்லாம் கணிதத்துக்கே கொடுத்தேன், எனக்கென்று ஒரு புதுப் பாதை போட்டுக்கொண்டு போகிறேன், என் முடிவுகளைப் பார்த்து இங்குள்ள கணிதக்காரர்கள் திகைக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நேராக அதோடு இணைத்திருந்த சூத்திரங்களுக்குப் போய்விடுவார்கள். எனக்கோ அந்தப் 'பள்ளிப் படிப்பு' என்ற இடத்திலேயே நிற்கத் தோன்றுகிறது. எழுதியவர் ராமானுஜன், எஃப்.ஏ. என்ற, பி.ஏ.வுக்கு முந்தைய கல்லூரித் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். இதற்கு முன் வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களுக்கு எழுதி, உருப்படியான பதில் எதுவும் கிடைக்காதவர். அப்படிப்பட்ட ஒருவர் கெஞ்சலாகவோ சமாதானமாகவோ ஒரு வார்த்தை எழுதாமல், "எனக்கு இது தெரியும்" என்ற தொனியில் கடல் கடந்து கடிதம் போட எங்கிருந்து தெம்பு வந்தது? பிறவி மேதை, குலதெய்வம் நாமகிரித் தாயார் அருள் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் 1898 முதல் 1903 முடிய அவர் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கழித்த ஆறு வருஷங்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால், அந்தத் தெம்பு எங்கே கட்டப்பட்டது என்பது ஓரளவு தெரிகிறது. எந்த இடத்தில் விரிசல் விட்டது என்பதும் தெரிகிறது. இந்த ஆய்வு அந்த இரண்டையும் பற்றியது.

கான்ஸ்டபிள் காவலில் பள்ளிக்குப் போன பையன்

பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா புடவைக் கடையில் கணக்கெழுதுபவர், மாதம் 20 ரூபாய் வருமானம். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். குடும்பச் சூழ்நிலையால் பையன் கும்பகோணம், காஞ்சிபுரம், சென்னை என்று மாறி மாறிப் படித்தான். காஞ்சியில் கொஞ்ச நாள் தெலுங்கு வழிப் பள்ளி. சென்னைப் பள்ளி அறவே பிடிக்கவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி மட்டம் போட்டுக்கொண்டே இருந்ததால், அவன் பள்ளிக்குப் போகிறானா என்று பார்த்துக்கொள்ள வீட்டார் அந்தப் பகுதிக் கான்ஸ்டபிளிடம் சொல்லி வைக்க வேண்டியதாயிற்று. ஆறு மாதத்துக்குள் கும்பகோணத்துக்கே திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள்.

இதே பையன்தான் 1897 நவம்பரில், பத்து வயது நிரம்புவதற்குச் சற்று முன், ஆரம்பப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான். ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு எல்லாம் சேர்த்து. அடுத்த ஜனவரியில் டவுன் ஹைஸ்கூல்.

அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்று வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. ஒரு கணக்குத் தேர்வில் 45க்கு 42 வாங்கினான். பக்கத்துப் பையன், நெருங்கிய தோழன்தான், 43 வாங்கிவிட்டான். ராமானுஜன் அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டான். மற்ற பாடத்திலெல்லாம் நீதானே அதிகம், இதற்குப் போய் ஏன் இப்படி என்று தோழன் சமாதானம் சொல்லப் பார்த்தும் பலிக்கவில்லை. கணக்கில் எப்போதும் நான்தான் முதல், அது எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லி, அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடிவிட்டான்.

"எல்லாருக்கும் தெரியும்" என்பதைக் கவனியுங்கள். ஒரு மதிப்பெண் போனதுகூடப் பெரிதில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டதே என்பதுதான் அழுகை. இந்த ஓட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்னும் இரண்டு முறை வரும்.

டவுன் ஹைஸ்கூல்

அப்போதைய வகுப்புகளைப் பாரம் என்பார்கள். இரண்டாம் பாரம் படிக்கையில் ராமானுஜன் மேல் வகுப்பு மாணவர்களிடம் போய், கணிதத்தில் எது மிக உயர்ந்த உண்மை என்று கேட்டானாம். சிலர் பிதாகரஸ் தேற்றம் என்றார்கள். சிலர், பங்கு வர்த்தகக் கணக்கு என்றார்கள்! மூன்றாம் பாரத்தில் ஆசிரியர், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று விளக்கிக்கொண்டிருக்க, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று எழுந்து கேட்டான். அன்று அந்த ஆசிரியர் என்ன பதில் சொன்னார் என்பதல்ல எனக்கு முக்கியம். கேட்டவனை அவர் உட்கார வைத்து வாயடைத்திருந்தால், இந்தக் கதையே பள்ளி நினைவாக மிஞ்சியிருக்காது.

நான்காம் பாரத்தில் கைக்கு வந்தது லோனியின் திரிகோணமிதி. பி.ஏ. படிக்கும் ஒரு மாணவரிடம் இரவல் வாங்கியது. பையன் புத்தகத்தை முடித்தது மட்டுமில்லாமல், அதில் இருந்த கணக்குகளை எல்லாம் ஒருவர் உதவியும் இல்லாமல் போட்டுவிட்டான் என்று தெரிந்து, அந்த பி.ஏ. மாணவரே தனக்குப் புரியாத கணக்குகளைத் தூக்கிக்கொண்டு இவனிடம் வர ஆரம்பித்தார். பதின்மூன்று வயதுப் பையனிடம் கல்லூரி மாணவர் பாடம் கேட்கிறார்! எந்த மெடலும் இதற்கு ஈடாகாது என்று நினைக்கிறேன்.

1902 வாக்கில் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் இவனை மடக்கிப் பார்க்க ஒரு கணக்குக் கொடுத்தார். x-இன் வர்க்கமூலத்தோடு y-ஐக் கூட்டினால் 7, y-இன் வர்க்கமூலத்தோடு x-ஐக் கூட்டினால் 11. இயற்கணித வழியில் ஒழுங்காகப் போனால் நான்காம் படிச் சமன்பாட்டில் போய் மாட்டிக்கொள்ளும் கணக்கு இது. அரை நிமிஷத்தில், இரண்டே வரியில் விடை வந்துவிட்டது: x ஒன்பது, y நான்கு. இந்தச் சம்பவத்தோடு சேர்த்துப் பேசப்படும் பள்ளித் தோழர் சி. வி. ராஜகோபாலாச்சாரி (மூதறிஞர் ராஜாஜி வேறு, இவர் வேறு). இவரைப் பிறகு பார்க்கப் போகிறோம்.

நான் இந்த ஆறு வருஷத்தில் மிகப் பெரிதாக நினைப்பது ஒரு சலிப்பூட்டும் வேலையை. பள்ளியில் சுமார் 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். யாருக்கு எந்த வகுப்பு, எந்த நேரம், எந்த ஆசிரியர் என்று கால அட்டவணை போட வேண்டும். இதைப் போட்டுப் பார்த்த எந்த உதவித் தலைமையாசிரியரைக் கேட்டாலும் தலையில் கைவைத்துக்கொள்வார். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்கக் கூடாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கும். மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் இந்த வேலையை ராமானுஜனிடம் கொடுத்தார்.

பாராட்டிலும் தெம்பு வரும். ஆனால் பாராட்டுகிறவருக்கு அதில் கையை விட்டு ஒன்றும் போவதில்லை. அட்டவணை அப்படியில்லை. பையன் தப்புப் போட்டால் திங்கட்கிழமை காலை பள்ளியே குழம்பும், பழி சுப்பையர் தலையில் விழும். அது தெரிந்தும் கொடுத்தார் என்றால், உன்னை நம்பி என் வேலையை ஒப்படைக்கிறேன் என்று அர்த்தம். அவன் போட்ட அட்டவணைப்படி வாத்தியார்கள் அந்தந்த வகுப்புக்கு நடந்து போனார்கள். புடவைக் கடை குமாஸ்தாவின் மகனுக்கு, தன் மூளையில் நடப்பது வெளி உலகத்தை நகர்த்தும் என்று முதன்முதலில் தெரிந்தது அங்கேதான் இருக்க வேண்டும்.

1904இல் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர், கணிதத்துக்கான கே. ரங்கநாத ராவ் பரிசை அவருக்குக் கொடுத்தார். முழு மதிப்பெண்ணுக்கு மேலேயும் கொடுக்கத் தகுந்த மாணவர் என்று மேடையிலேயே சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நினைவுகளில் பெரும்பாலானவை ராமானுஜன் உலகப் புகழ் பெற்ற பிறகு சேகரித்தவை. ஒருவர் பெரிய ஆளான பின், "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லாத வாத்தியார் உண்டா? அதனால் வசனங்களைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். பரிசும், தேர்வு முடிவும், கல்லூரி உதவித்தொகையும் உறுதியான விஷயங்கள். மற்றவற்றை அவற்றோடு பொருந்தி வருகிற அளவுக்குத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கூரைக்குள் போன தாள்கள்

ஐந்தாம் பாரத்தில் சைன், கொசைன் பற்றிய ஆய்லரின் தேற்றங்களைப் பையன் யார் உதவியும் இல்லாமல் தானே கண்டுபிடித்துவிட்டான். ஆய்லர் அதைச் செய்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. வேறொரு பையனாக இருந்தால், ஆய்லர் கண்டதை நானும் கண்டேன் என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பான். இவன் அந்தத் தாள்களை வீட்டுக் கூரைக்குள் செருகி ஒளித்து வைத்தான்.

42 மதிப்பெண்ணுக்கு அழுத அதே பையன்தான் இது. முதலாவதாக வந்தால்தான் தன் மதிப்பு என்று மனதில் பதிந்துவிட்டது. இரண்டாவதாக வந்தது ஆய்லருக்குப் பின்னால் என்றாலும் வெட்கம்தான். பள்ளி இதை உண்டாக்கியது என்று சொல்ல மாட்டேன். கோமளத்தம்மாளின் மகன் என்ற பெருமையிலேயே அதன் வேர் இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் பரிசு கொடுத்த பள்ளி, தோற்றால் என்ன செய்வது என்று பழக்க வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொண்டது. அங்கே அவன் தோற்கவே இல்லையே.

1903இல், ஆறாம் பாரத்தில், ஒரு நண்பர் கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஜி. எஸ். கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணம் பெயருக்குத்தான். அவற்றை ஒவ்வொன்றாகத் தானே நிறுவிப் பார்க்க உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். தாள் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றும் பழக்கம் அவரோடு கடைசிவரை வந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

1904 ஜனவரியில் எஃப்.ஏ. முதல் வருஷம், கும்பகோணம் அரசுக் கல்லூரி. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர் வாங்கிய கல்லூரி. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்தவருக்குக் கொடுக்கும் சுப்பிரமணியம் உதவித்தொகை இவருக்கே கிடைத்தது. ஆங்கிலத்திலும் என்பதை மறக்க வேண்டாம். பள்ளி விட்டுவரும்போது அவர் ஒரே பாடத்து மாணவர் இல்லை.

கல்லூரியில் அப்படி ஆனார். ஆங்கிலமோ, சரித்திரமோ, உடலியலோ, எந்த வகுப்பு நடந்தாலும் தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மேல் வகுப்புக்குப் போகத் தேர்ச்சி கிடைக்கவில்லை, உதவித்தொகை நின்றது. அம்மா நேராகக் கல்லூரி முதல்வரிடமே போய் என் பிள்ளைக்கு எப்படி நிறுத்தலாம் என்று கேட்டார். விதி விதிதான் என்று ஆகிவிட்டது.

1905 ஆகஸ்டில் ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பையனைக் காணோம் என்று அடுத்த மாதம் தி இந்துவில் செய்தி வந்தது. அங்கே எழுந்து ஓடியது பதினேழு வயது வாலிபரா, 42 வாங்கிய பத்து வயதுப் பையனா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

திரும்பி வந்தார். வருகைப் பதிவு போதவில்லை. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் காலை வாரியது. செரிமானம் பற்றிய கேள்விக்கு, இது செரிமானப் பாடத்தின் செரிக்காத விளைவு, மன்னிக்கவும் என்று எழுதி வைத்துவிட்டு வந்தார் என்றொரு கதை உண்டு. டிசம்பரில் தோல்வி. 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எழுதி மறுபடி தோல்வி.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே மாறியது என்ன? பையன் ஒரே பையன்தான். பள்ளியில் அவனுடைய கணக்கு, ஊரே பார்க்கும் விஷயமாக இருந்தது. வாத்தியார், பரிசு, மேல் வகுப்பு மாணவர் எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பெருமைக்காகவே மற்ற பாடங்களையும் படித்தான் என்று நினைக்கிறேன். கல்லூரியில் அவன் பலரில் ஒருவன். பார்க்கிற ஆள் குறைந்ததும், மற்ற பாடங்களுக்கான காரணமும் போய்விட்டது. கணக்கு மட்டும் மிஞ்சியது, அதற்கு யார் பார்வையும் தேவைப்படவில்லை.

இதுதான் இந்த வாழ்க்கையில் எனக்கு வியப்பான இடம். 1905 முதல் 1910 வரை பட்டம் இல்லை, வேலை இல்லை, டியூஷன்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 1909 ஜூலையில் பத்து வயது ஜானகியோடு கல்யாணம் வேறு. ஆனால் நோட்டுப் புத்தகங்கள் நிற்கவில்லை. உடம்பு முடியாமல் ஊருக்கு ரயிலேறும்போது, பழைய படிப்புத் தோழர் ஒருவரிடம் நோட்டுகளைக் கொடுத்து, நான் செத்துப்போனால் இவற்றைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்தவக் கல்லூரி எட்வர்ட் ராஸிடமோ சேர்த்துவிடு என்றார். தன் எதிர்காலத்தில் அவருக்கு நம்பிக்கை போயிருந்தது. நோட்டில் இருந்ததன் மேல் போகவில்லை.

தன்னம்பிக்கை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு சரக்கு. ஒன்று, என் கைவேலை சரி என்கிற உறுதி. இன்னொன்று, மனிதர்கள் நடுவே எனக்கு ஒரு இடம் உண்டு என்கிற நிம்மதி. டவுன் ஹைஸ்கூல் முதலாவதை அசைக்க முடியாதபடி கட்டிக் கொடுத்தது. இரண்டாவதைப் பரிசின் மேல் நிறுத்தி வைத்தது.

தெருவில் பார்த்த தோழர்

1910இல் சென்னைத் தெருவில் ராமானுஜனை எதேச்சையாகப் பார்த்தவர் அந்தப் பழைய பள்ளித் தோழர் ராஜகோபாலாச்சாரி. ஊருக்கே திரும்பிவிடப் போகிறேன் என்றார் ராமானுஜன், மனசு விட்டுப்போய். தோழர் விடவில்லை, தங்க வைத்தார், நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவிடம் கூட்டிப்போனார். ஏற்கெனவே இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய வி. ராமசுவாமி ஐயரும், கும்பகோணம் கல்லூரியில் பழக்கமான பி. வி. சேஷு ஐயரும் கடிதம் கொடுத்திருந்தார்கள். முதல் சந்திப்புகளில் ராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போய்வந்த பிறகுதான் ஆளைப் புரிந்துகொண்டு, மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார்.

அந்த முதல் மறுப்புக்குப் பிறகு திரும்பப் போக வைத்தது யார் என்று யோசித்தால், அரை நிமிஷக் கணக்கின் நினைவு இருந்த தோழர்தான். ராமானுஜன் தனியாக இருந்தால் முதல் நாளே ஓடியிருப்பார் என்பது என் கணிப்பு. பழைய மாணவர் வாட்ஸாப் குழுவில் காலை வணக்கப் பூ அனுப்புவதைத் தாண்டியும் ஒரு பயன் உண்டு: நாமே நம்மை மறந்துவிட்ட நேரத்தில், பதினாலு வயதில் நாம் யாராக இருந்தோம் என்பதற்கு அங்கே சாட்சி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர் ஏழைதான். ஆனால் டெபுடி கலெக்டர், கலெக்டர், பேராசிரியர் என்று எந்த வீட்டுப் படியேறவும் தடையில்லாத சாதி. அதே காவிரிக்கரையில் அந்தப் பள்ளிக்கூடப் படியையே ஏற முடியாத பிள்ளைகள் எத்தனை பேர்? பள்ளி குணத்தை வார்க்கிறது என்று பேசும்போது, உள்ளே விட்டவர்களை வைத்து மட்டும்தான் பேசுகிறோம்.

1912 பிப்ரவரியில் துறைமுக வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில், மெட்ரிகுலேஷன் தேறினேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை, ஆனால் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து அதை வளர்த்துவருகிறேன் என்கிறார். முப்பது ரூபாய் குமாஸ்தா வேலைக்கான விண்ணப்பத்தில் கணிதத்தை வளர்த்துவருகிறேன் என்று எழுதுகிற ஆள்! ஒரு வருஷம் கழித்து ஹார்டிக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவில்லாமல் கூட்டினால் மைனஸ் பன்னிரண்டில் ஒரு பங்கு வரும், இதைச் சொன்னால் நீங்கள் எனக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியைக் காட்டுவீர்கள் என்று கிண்டல் வேறு. மூன்றாம் பாரத்தில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்ன குரலை இதில் அப்படியே கேட்கலாம்.

கேம்பிரிட்ஜில் ஒரு விருந்து

ஹார்டி அழைத்ததில், 1914 மார்ச் 17இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1916இல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் வந்தது, உடலியல் இல்லாமலே. அந்தக் காலத்தில் ஒரு நாள் இந்திய நண்பர்களைத் தன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சமைத்ததும் அவரே, பரிமாறியதும் அவரே. இரண்டாம் தடவை ஊற்றும்போது வாங்கிக்கொண்ட பெண்கள், மூன்றாம் தடவை போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வருகிறது, பணம் அனுப்பச் சொல்லி. பரிமாறியதை மறுத்தது அவமானமாகிவிட்டதாம், அங்கே உட்கார முடியவில்லையாம்.

இது மூன்றாவது ஓட்டம். உலகத்தின் முதல் வரிசைக் கணிதவியலாளரோடு சரிசமமாக உட்கார்ந்து வேலை செய்கிறவர், ஒரு கரண்டி மறுப்பில் கலைந்துபோகிறார். 1918 தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் முன் விழுந்து உயிரை விடப் பார்த்ததையும் சிலர் இதே வரிசையில் வைக்கிறார்கள். நான் வைக்க மாட்டேன். நோய், போர்க்காலப் பட்டினி, தனிமை, முந்தைய வருஷம் டிரினிட்டி ஃபெல்லோ பதவி கைநழுவியது என்று அங்கே பல கைகள் உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தின் தலையில் அதைக் கட்டுவது அநியாயம். அதே வருஷம் ராயல் சொசைட்டி ஃபெல்லோ பதவியும், அக்டோபரில் டிரினிட்டி ஃபெல்லோ பதவியும் வந்தன.

1919இல் ஊர் திரும்பினார், எலும்பும் தோலுமாக. 1920 ஜனவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு ஒரு கடிதம் போகிறது. இவ்வளவு நாள் ஒரு கடிதம்கூட எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, புதிதாகச் சில சார்புகள் கண்டுபிடித்திருக்கிறேன், அவற்றுக்கு 'போலி தீட்டா' என்று பெயர் வைத்திருக்கிறேன் என்று உதாரணங்களோடு எழுதுகிறார். இந்தத் தடவை கூரைக்குள் செருக வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு முன்னால் யாரும் அங்கே போயிருக்கவில்லை. ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் இறந்தார், வயது 32. சாவதற்குச் சில நாள் முன்புவரை கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று ஜானகி அம்மாள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.